கயிற்றின் கடைசி ஆள்

உதயகலா கயிற்றை விட்டவள் என்பது சண்டிலிப்பாயில் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏன் விட்டாள் என்பதும் தங்களுக்குத் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிறந்தது வட்டுக்கோட்டை; சண்டிலிப்பாய் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர். போன சித்திரையில் சனசமூக நிலையத்து விளையாட்டு விழாவில் பெண்களுக்கான கயிறிழுத்தல் இறுதிப் போட்டி வட்டுக்கோட்டைப் பெண்களோடு நடந்தது. ஆளுக்கொரு இழுப்பு வென்று, மூன்றாவதில் இவர்கள் வெல்லப்போகிற நேரம் பார்த்து, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக நின்றவள் சுற்றைத் தளர்த்தி விட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டாள். பிறகென்ன? பிறந்த ஊர்ப் பாசம் என்று அன்றைக்குப் பின்னேரமே ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு அவளோடு கூடவே திரிந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போனால் அங்கே நின்றது. கோயிலில் தீபாராதனைக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றால் முதுகுக்குப் பின்னால் நின்றது. வட்டுக்கோட்டையிலிருந்து வியாபாரி வந்தால் உதயகலா வெங்காயத்தை விலை குறைத்துக் கொடுப்பாள் என்றுகூடக் கதைத்தார்கள். அவளோடு ஒன்றாகப் படித்த அபிகாயில்தான் வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடைசி ஆள். அவள் மானிப்பாய்ச் சந்தையில் வைத்து, "கலா, கப்பிலை பாதி உன்ரையடி" என்று ஊர் கேட்கச் சிரித்ததோடு எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

உண்மை என்னவென்றால், மூன்றாவது இழுப்பில் கயிறு அடிவயிற்றை அமத்தியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். உள்ளே ஏதோ ஒன்று பிடி விட்டது. தும்மினால் சொட்டுப் போவதும் கடகம் தூக்கினால் நனைவதும் அவளுக்குக் கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து பழக்கம். ஆனால் அன்றைக்குப் போனது சொட்டு அல்ல. முழுக்கவும் போய்விட்டது. மாதர் சங்கம் தைத்துக் கொடுத்த பாவாடை கிறீம் நிறம். சுற்றிவர முழு ஊரும் நிற்கிறது. குந்தாமல் வேறு என்ன செய்வாள்?

அவள் குந்தியதும் மச்சாள் இராசமலர் ஓடிவந்தாள். கணவன் வாகீசனின் மூத்த அக்கா, மாதர் சங்கத் தலைவி, அணிக்கு முன்னால் நின்று குரல் கொடுப்பவள். ஓடிவந்தவள், குடிக்க வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி உதயகலாவின் தலையோடு கவிழ்த்தாள். "உன்ரை ஊருக்கு விட்டுக் குடுத்திட்டாய் எல்லோ! குளிர்ந்து போ!" என்று கத்தினாள். சனம் கை தட்டிச் சிரித்தது. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நனைந்து எழும்பி வீட்டுக்குப் போனபோது, ஒரு ஈரம் மற்ற ஈரத்தை மறைத்தது மட்டும் கடவுள் செயல் என்று உதயகலா நினைத்தாள். ஆனால் அந்த வாளியை அவள் மன்னிக்கவில்லை. மச்சாளோடு கதை பேச்சு இருந்தது, கொடுக்கல் வாங்கல் இருந்தது, உள்ளே மட்டும் வாளி கிடந்தது.

தை பிறந்து வெங்காயத்துக்கு இறைப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலை, அந்த வாளிக்காரி வரம்பில் வந்து நின்றாள். வாகீசன் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மெசினோடு நின்றான். உதயகலா மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் நின்று தண்ணீர் மாறினாள். ஒரு பாத்தி நிறைய அதன் வாயை மண் போட்டு அடைத்து அடுத்ததை வெட்டிவிட வேண்டும். ஆம்பிளை செய்கிற வேலை என்பார்கள். ஆனால் அவள் அதை ஒருவருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. தண்ணீர் மாறுகிறவள் முழங்காலுக்கு மேலே நனைந்து நின்றால் ஏன் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. தோட்டத்தில் அவளுக்கு நிம்மதியான இடம் அந்த வாய்க்கால்தான்.

"எடி கலா, இந்த முறையும் பேர் குடுத்திட்டன்" என்றாள் இராசமலர்.

"ஆற்றை பேரை?"

"உன்ரை பேரைத்தான். கடைசி ஆள்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களே மச்சாள்?"

"கேட்டால் ஏலாது எண்டுவாய். உன்னை விட்டால் ஆர் கிடக்கினம்? எல்லாம் காத்தடிச்சால் பறக்கிற சாமான்கள்."

வாகீசன் கிணற்றடியிலிருந்து குரல் கொடுத்தான். "அக்கா, உவளைப் போடாதேங்கோ! இந்த முறை கயிறை வட்டுக்கோட்டைக்குக் கட்டியே அனுப்பிப் போடுவாள்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வாகீசன் கெட்டவன் அல்ல. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் ஒரு பகிடி கையில் கிடைத்தால் அது நைந்து கிழியும்வரை விடமாட்டான். இந்தப் பகிடிக்கு ஒரு வருசமாகப் போகிறது, இன்னும் கிழியவில்லை.

"நீங்கள் மெசினைப் பாருங்கோ" என்றாள் உதயகலா. "மச்சாள், நான் வரேல்லை. எனக்கு முழங்கால் வருத்தம்."

"வராட்டில் சனம் என்ன சொல்லும்? அப்ப கதை மெய்தான் எண்டு சொல்லும். வந்து இழுத்துக் காட்டு, சனம் வாயை மூடும்."

மச்சாள் சொன்னது சரி என்பதுதான் உதயகலாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சரி. வாறன்" என்று சொல்லிக்கொண்டு, ஆத்திரத்தோடு ஒரு பெரிய மண் கட்டியை வெட்டித் தூக்கினாள். தூக்கிய கையோடு கீழே சூடாக இறங்கியது. மண்ணை அப்படியே போட்டுவிட்டு, தண்ணீர் ஆழமாக ஓடுகிற பக்கம் போய் நின்றாள்.

திரும்பிப் போன இராசமலர் நாலு அடி வைத்து நின்று, "இந்த முறை எல்லாருக்கும் கறுப்புக் காற்சட்டைதான் தைப்பிக்கிறன்" என்றாள்.

"சித்திரை வெய்யிலுக்குக் கறுப்பு சுடும் மச்சாள்."

"சுட்டால் சுடட்டும்."

அடுத்த கிழமை உதயகலா முழங்காலைச் சாட்டாக வைத்து ஆசுப்பத்திரிக்குப் போனாள். அங்கே உடற்பயிற்சி சிகிச்சைப் பகுதியில் தனுசியா என்று ஒரு இளம்பிள்ளை இருந்தாள். முழங்காலை மடக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "முழங்காலிலை பெரிசா ஒண்டும் இல்லை அன்ரி" என்றாள். "கதிரையாலை எழும்பேக்கை ஏன் காலை ஒடுக்கிப் பிடிச்சு எழும்பிறியள்?"

உதயகலா திரைச்சீலையைப் பார்த்தாள். அது நன்றாக மூடியிருக்கிறதா என்று எழும்பிப் போய் இழுத்தும் பார்த்தாள். பிறகு சொன்னாள். சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியவில்லை. தும்மலில் தொடங்கி, கடகம், மண்வெட்டி, கிறீம் பாவாடை, வாளி வரை வந்துதான் நின்றாள்.

"எவ்வளவு தண்ணி குடிக்கிறியள்?"

"வெளிக்கிடுற நாளிலை ஒண்டும் குடிக்கிறேல்லை. தேத்தண்ணியும் இல்லை. அண்டைக்குப் போட்டி எண்டு முதல் நாள் பின்னேரமே நிப்பாட்டிப் போட்டன்."

"அது பிழை அன்ரி. தண்ணி குறைய மூத்திரம் கடுமையாகும். கடுமையானால் பை எரிஞ்சு இன்னும் அந்தரப்படுத்தும். வெளிக்கிட முதல் எத்தினை தரம் போவியள்?"

"போட்டு வந்து திரும்பவும் போவன். ஏதும் மிச்சம் கிடந்தாலும் எண்டு."

"அதுவும் பிழை. கொஞ்சத்துக்கெல்லாம் போய்ப் பழக்கினால், கொஞ்சத்துக்கெல்லாம் போகச் சொல்லிக் கேக்கும்."

உதயகலாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருசம் தாகத்தோடு திரிந்ததெல்லாம் தனக்குத் தானே செய்த வினை என்று இந்தப் பிள்ளை இவ்வளவு சுகமாகச் சொல்லிவிட்டதே. "இவ்வளவையும் பள்ளிக்கூடத்திலை சொல்லித் தந்திருக்கலாம்" என்றாள். "மாட்டின்ரை வயித்துக்குள்ளை நாலு அறை எண்டு படிப்பிச்சவை."

தனுசியா சிரித்தாள். பிறகு அவளைப் படுக்கச் சொல்லி, மூத்திரத்தை இடையில் அடக்குவது போல, காற்றுப் போகாமல் பிடிப்பது போல, இரண்டையும் சேர்த்து உள்ளே மேலே இழுத்துப் பிடித்து, பிறகு முழுக்க விடப் பழக்கினாள். வயிற்றை எக்கக் கூடாது. குண்டியை இறுக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கவே கூடாது.

"பாரம் தூக்க முதல் அதை இறுக்குங்கோ. பிறகு மூச்சை வெளியிலை விட்டுக்கொண்டு தூக்குங்கோ. தும்ம முதலும் அப்பிடித்தான்."

"தும்மல் சொல்லிப்போட்டே வருது?"

"பழகினால் அதுக்கு முதல் நீங்கள் போய் நிப்பியள்."

"கயிறு இழுக்கலாமோ பிள்ளை? அதைச் சொல்லுங்கோ."

தனுசியா உடனே ஓம் என்று சொல்லவில்லை. "இண்டைக்கு ஏலாது. முதல் நடவுங்கோ. பேந்து இருந்து எழும்பிப் பழகுங்கோ. பேந்து கொஞ்சம் கொஞ்சமாப் பாரம். சித்திரைக்குள்ளை முழுக்கச் சுகம் வரும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். குறையும். சொட்டுக் கொஞ்சம் போகலாம். அதுக்கெண்டு தனிப் பஞ்சு விக்கினம், மாசத்துக்குப் பாவிக்கிறது இல்லை, அது வேறை. அதை வைச்சுக்கொண்டு இழுங்கோ. ஆனால் ஒண்டு. இடுப்பிலை கயிறு சுத்தவே கூடாது."

"கடைசி ஆள் சுத்தாமல் நிக்கிறதே?"

"சுத்தினால் நான் சொன்ன ஒண்டும் வேலை செய்யாது அன்ரி."

தெரிந்த மருந்துக் கடைகளை எல்லாம் விட்டுவிட்டு உதயகலா யாழ்ப்பாண டவுனுக்குப் போய்ப் பஞ்சு வாங்கினாள். கடைக்காரர், "வீட்டிலை வயசு போன ஆக்களோ?" என்று கேட்டார். "ஓம், மாமி" என்றாள். மாமி செத்து ஆறு வருசம்.

பயிற்சி என்றால் வேர்க்க வேண்டும், நோக வேண்டும் என்பது உதயகலாவின் எண்ணம். இதில் ஒன்றும் இல்லை. வெளியே பார்த்தால் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். பிட்டு அவிக்கும்போது இறுக்கினாள், தண்ணீர் மாறும்போது இறுக்கினாள், கோயிலில் தேவாரம் படிக்கும்போதும் இறுக்கினாள். சரியாகச் செய்கிறாளா பிழையாகச் செய்கிறாளா என்று சொல்ல ஆள் இல்லை. முகம் மட்டும் கோணியது.

"என்னப்பா முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறீர்? வயித்துக்குத்தோ?" என்றான் வாகீசன்.

"இல்லை. யோசிக்கிறன்."

"என்னத்தை?"

"வட்டுக்கோட்டைக்கு என்னத்தை அனுப்பலாம் எண்டு."

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. அது ஒரு சின்னச் சந்தோசம்.

பின்னேரங்களில் பஞ்சை வைத்துக்கொண்டு தோட்டப் பாதையால் வேகமாக நடந்தாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மாசி முடிய ஒரு நாள் மிளகாய் வறுக்கும்போது கமறல் எழும்பி, அவள் இறுக்கிப் பிடித்துத் தும்மினாள். காய்ந்தே இருந்தது! சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் போய்விட்டது. வந்த எரிச்சலில் அன்றைக்கு முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. ஒரு அடி ஏறினால் முக்கால் அடி சறுக்குகிற இந்த வேலையை எந்தப் பொறுமைசாலி செய்வாள்? ஆனாலும் அடுத்த நாள் காலையில் அடுப்படியில் நின்றபடி திரும்பவும் இறுக்கினாள்.

பங்குனியில் வெங்காயம் கிண்டத் தொடங்கினார்கள். பகல் முழுக்கத் தோட்டம், வெயில் தாழ மைதானத்தில் கயிற்றுப் பழக்கம். எட்டுப் பெண்கள். எல்லார் விரல் இடுக்கிலும் வெங்காய மணம். இராசமலர் கயிற்றை நீட்டிப் போட்டு ஒவ்வொருவராக நிறுத்தினாள். கடைசியில் உதயகலா கயிற்றை இடுப்பில் சுற்றாமல், கைக்குக் கீழே கமக்கட்டுக்குள்ளால் விட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கயிறைச் சுத்து" என்றாள் இராசமலர்.

"நான் சுத்தேல்லை மச்சாள். இப்பிடியே இழுக்கிறன்."

அவளுக்கு முன்னால் நின்ற குணலட்சுமி திரும்பிப் பார்த்தாள். குணலட்சுமிக்கு வாய் நீளம், கை இன்னும் பலம். "சுத்தாட்டில் நல்லதுதானே. விட்டிட்டு ஓடச் சுகம்" என்றாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். சுற்றினால் நனைய வேண்டும், சுற்றாவிட்டால் துரோகி. இரண்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததெல்லாம் கடைசியில் இந்த ஒரு சுற்றில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"சுத்தடி" என்றாள் இராசமலர் திரும்பவும்.

உதயகலா கயிற்றை நிலத்தில் போட்டாள். "நீங்களே சுத்துங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால், "பாத்தியளே, இப்பவே விட்டிட்டாள்" என்று குணலட்சுமி சொல்வது கேட்டது.

வீட்டுக்கு வந்து, முற்றத்துக் கொட்டிலான மாலுக்குள் குவிந்து கிடந்த வெங்காயத்தின் முன்னால் இருந்து பிடி கட்டத் தொடங்கினாள். தாளைச் சேர்த்துப் பிடித்து, வடலி ஓலை நாரால் இறுக்கி, எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் இராசமலர் வந்து, கேட்காமல் எதிரே இருந்து, தானும் ஒரு பிடியைக் கையில் எடுத்தாள்.

"என்ன கோதாரிக்கடி இந்த அடம்?"

"மச்சாள், நான் ஒண்டு சொல்லுவன். கேட்டுப்போட்டுச் சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"போன முறை நான் ஊருக்காக விடேல்லை. எனக்கு மூத்திரம் போட்டுது. நிண்ட நிலையிலை முழுக்கப் போட்டுது. இடுப்பிலை கயிறு சுத்தினால் இந்த முறையும் போகும். ஆசுப்பத்திரியிலை சுத்தக் கூடாது எண்டு சொன்னவை."

இராசமலர் பிடியைக் கட்டி முடித்து, வைத்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் முன்னாலை நிண்டு கூப்பிடுறனான் எல்லோ? நீ குந்தின இடத்திலை மண் கறுத்ததை நான் கண்டனான். வாளியை ஏன் தூக்கினனான் எண்டு நினைச்சனீ? எனக்கென்ன விசரே, வெய்யிலுக்கை நிக்கிற பெடிச்சியளுக்குக் குடிக்க வைச்ச தண்ணியை ஊத்த?"

உதயகலாவின் கை நின்றது. ஒரு வருசமாக நெஞ்சுக்குள் கிடந்த வாளியை யாரோ எடுத்துத் திருப்பி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அதையும் அவள் கண்டுவிட்டாள்.

"அப்ப அந்தப் பிறந்த ஊர்க் கதை?"

"அதுவும் நான்தான். சனம் ஏன் விட்டவள் எண்டு கேக்கும். ஏதேனும் சொல்லத்தானே வேணும்? பொம்பிளை நிண்ட நிலையிலை மூத்திரம் பெய்தவள் எண்டு பேர் வாறதை விட, ஊருக்கு விட்டுக் குடுத்தவள் எண்டு வாறது பெரிய காரியமே? உன்னைக் காப்பாத்தினனான்."

"காப்பாத்தினீங்களோ!" உதயகலா பிடியைத் தூக்கி எறிந்தாள். அது மாலின் மூலையில் போய் அவிழ்ந்து சிதறியது. "ஒரு வருசம் மச்சாள்! சந்தையிலை தலை நிமிரேலாமல், கோயிலிலை தலை நிமிரேலாமல். உங்கடை தம்பி ஒவ்வொரு நாளும் பகிடி. நான் உங்களிலை கோவிச்சுக்கொண்டு திரிஞ்சன். எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது? என்னெண்டு வாய் திறந்து சொல்லுறது உதை?"

"இப்ப சொன்னனீங்கள்தானே?"

"நீ முதல் சொன்னாய். அதாலை சொன்னன்." இராசமலர் வெங்காயத் தோலைக் கையால் கூட்டி ஒரு பக்கம் தள்ளினாள். பிறகு சத்தத்தைக் குறைத்து, "உனக்கு மட்டும்தான் எண்டு நினைக்கிறியோ?" என்றாள். "எனக்கு என்ரை மூத்தவன் பிறந்ததிலை தொட்டு இருக்கு. இரண்டு உள்பாவாடை போடாமல் நான் படலை தாண்டுறேல்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்கு ஏன் வாறேல்லை எண்டு கேப்பாய். அந்த பஸ்ஸிலை அவ்வளவு தூரம் குலுங்கி ஆர் வாறது? அண்டு தொட்டு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

"அதுதான் பிழை."

"என்னடி பிழை? எல்லாப் பொம்பிளையளும் இப்பிடித்தான். பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறது."

உதயகலாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் விட அதிகமாகக் கோபம் வந்தது. யாரில் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. எதிரே இருப்பவள் இத்தனை வருசம் கீரிமலையைக் காணாதவள். தன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன் பேரைக் கெடுத்தவள். அவளும் பாவம்தான். தனுசியாவைப் பற்றிச் சொன்னாள். இறுக்கிப் பிடிப்பதைப் பற்றிச் சொன்னாள். இராசமலர், "இந்த வயசிலை எனக்கென்னத்துக்கு?" என்று கையை உதறினாள். ஆனால் மூச்சு விடுகிற விசயத்தை மட்டும் இரண்டாம் தரம் கேட்டாள்.

"இழுக்கேக்கை மூச்சை வெளியிலை விடவேணுமோ?"

"ஓம். நீங்கள் 'மூச்சைப் பிடிச்சு இழு' எண்டு கத்திறியள். அதுதான் எனக்குக் கேடு."

"அப்ப எல்லாரையும் கத்தச் சொல்லுவம். இழுக்கேக்கை எல்லாரும் 'ஓ' எண்டு கத்தினால் மூச்சுத் தன்பாட்டிலை வெளியிலை போகும். சுத்தாமல் நில். குணலட்சுமிக்கு நான் ஏதாவது ஒண்டைச் சொல்லிச் சமாளிக்கிறன்."

"நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்ல வேண்டாம் மச்சாள்!" என்றாள் உதயகலா. "நீங்கள் சொன்னது காணும்."

சித்திரை விழா அன்றைக்கு மைதானத்தில் கால் வைக்க முடியாத வெயில். ஒலிபெருக்கி காலையிலிருந்து அலறியது. சங்கீதக் கதிரையும் முட்டி உடைத்தலும் முடிந்துவிட, ஐஸ்கிறீம் வான் மணியடித்துக்கொண்டு நின்றது. உதயகலா காலையில் ஒரு செம்பு தண்ணீரை நின்று நிதானமாகக் குடித்தாள். போட்டி நாளில் தண்ணீர் குடிப்பது அவளுக்குக் களவு செய்கிற மாதிரி இருந்தது. பஞ்சு வைத்தாள், கறுப்புக் காற்சட்டை போட்டாள், ஒரு தரம் மட்டும் போய்விட்டு வந்தாள்.

இறுதிக்கு வட்டுக்கோட்டைதான் வந்தது. கயிற்றின் அந்தப் பக்கக் கடைசியில் அபிகாயில் இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கக் கடைசியில் சுற்றாமல் நின்ற உதயகலாவைப் பார்த்துச் சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கோட்டுக்குப் பக்கத்தில் இராசமலர் நின்றாள். அவள் காலடியில் வாளி, தளும்பத் தளும்பத் தண்ணீரோடு. அதைக் கண்டதும் உதயகலாவுக்கு நெஞ்சு எரிந்தது. இந்த முறையும் தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

"ஒண்டு... இழு!"

"ஓ!" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள். முதல் இழுப்பு இவர்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. கீழே எல்லாம் சரியாக இருந்தது. இறுக்கு, கத்து, இழு. இறுக்கு, கத்து, இழு. அவளுக்கே நம்ப முடியவில்லை.

மூன்றாவதில் கயிறு நெடுநேரம் அசையவில்லை. பிறகு முன்னால் நின்றவளுக்குக் கால் சறுக்கியது. அவள் விழ, அடுத்தவள் அவளில் தடுக்கி விழ, கயிறு விறுவிறு என்று அந்தப் பக்கம் ஓடத் தொடங்கியது. ஒவ்வொருத்தியாகக் கையை விட்டார்கள். குணலட்சுமியும் உள்ளங்கை எரிகிறது என்று விட்டாள். உதயகலா விடவில்லை. குதிக்காலை மண்ணில் ஊன்றினாள். இறுக்க நினைத்தாள், ஆனால் அந்த இழுவையில் இறுக்கம் எங்கே நிற்கும்? போனது. பாதியைப் பஞ்சு தாங்கியது, மிச்சம் காலால் இறங்குவது தெரிந்தது. அவள் "ஓ" என்று தனியாகக் கத்தினாள். எட்டுப் பெண்களுக்கு எதிராக ஒருத்தியாக, குதிக்கால் மண்ணில் இரண்டு கோடு கீற, கோட்டைத் தாண்டும்வரை இழுபட்டுப் போனாள். விசில் ஊதியது. அப்போதும் கயிறு கையில்தான் இருந்தது.

தோற்றுப் போனார்கள். அதில் சந்தேகம் இல்லை.

பெண்கள் சுற்றிவரக் கூடினார்கள். குணலட்சுமி கையை ஊதிக்கொண்டே, "சுத்தி நிண்டிருந்தால் வெண்டிருக்கலாம்" என்றாள். அபிகாயில் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு வந்து, "என்ன கலா, இந்த முறை எங்களுக்காக விடேல்லைப் போலை?" என்றாள்.

இராசமலர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதை உதயகலா கண்டாள்.

"போன முறையும் உங்களுக்காக விடேல்லை அபி" என்றாள். சத்தம் அவள் நினைத்ததை விடப் பெரிதாகவே வந்தது. "போன முறை எனக்கு மூத்திரம் போட்டுது. அந்த வெக்கத்திலை விட்டனான். இந்த முறையும் போட்டுது. விடேல்லை. உள்ளங்கை எரிஞ்ச ஆக்கள் விட்டவை, நான் விடேல்லை."

யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி நிறுத்தினாள். அபிகாயிலின் முகத்தில் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. குணலட்சுமி தன் கையை ஊதுவதை விட்டாள். தூரத்தில் வாகீசன், என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இராசமலர் வந்து சேர்ந்துவிட்டாள். "வாயை மூடடி" என்று பல்லுக்குள் சொல்லிக்கொண்டே வாளியை உதயகலாவின் தலைக்கு மேலே தூக்கினாள்.

உதயகலா வாளியின் விளிம்பைப் பிடித்தாள். தோல் உரிந்த கை எரிந்தது.

"ஊத்தாதேங்கோ மச்சாள். குடிக்கத் தாங்கோ."

வாளியை வாங்கி, இரண்டு கையாலும் தூக்கி, அப்படியே வாய் வைத்துக் குடித்தாள். நாடியால் வழிந்தது, சட்டை நனைந்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டு, மிச்சத்தை இராசமலரிடம் நீட்டினாள்.

"நீங்களும் குடியுங்கோ. காலமை தொட்டு ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமல் கத்திறியள்."

இராசமலர் வாளியைப் பார்த்தாள். மைதானத்துக்கு அந்தப் பக்கம், ஒழுங்கை முடிவில் இருக்கிற தன் வீட்டுப் படலையைப் பார்த்தாள். சுற்றிவர நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு வாளியை வாங்கிக் குடித்தாள்.